வண்டில் சில்லிலிருந்து சைக்கிள் டயர் வரை: ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் எங்கள் தரம் 7 வகுப்பில் ஒரு மகன் நான்கு நாட்களாக வரவில்லை. வீடு பாடசாலையிலிருந்து ஆறு கிலோமீற்றர். ஐந்தாம் நாள் நடந்து வந்தான், சட்டை முழுக்க வியர்வை. ஏன் வரவில்லை என்று கேட்டோம். "பின் டயர் வெடிச்சிட்டு சேர். நெல்லுக் காசு வந்தா வாங்கித் தாறதா வாப்பா சொன்னாரு" என்றான். அதற்குள் பின்வாங்கில் இருந்த இன்னொரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், நம்மட நாட்டிலதானே இறப்பர் மரம் இருக்கு. பிறகேன் டயர் இவ்வளவு விலை?"

நாங்கள் உடனே சொல்லக்கூடிய பதில் எங்களிடம் இருக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், தெரியாததைத் தெரிந்ததுபோல் பிள்ளைகளிடம் சொல்லாதே என்பது. "தேடிப்பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். தேடப்போனால் அந்தக் கேள்வி எங்களை பிரேசில் காடு, கொங்கோ, கம்பஹா, சீனா என்று சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்து கடைசியில் எங்கள் ஊர் முற்றத்திலேயே விட்டது. வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விசயம். டயர் என்றால் இறப்பர் என்று நாம் நினைக்கிறோம். இறப்பருக்கு முன்பே இரும்பு டயர் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஓட்டிய மாட்டு வண்டிலை நினைத்துப் பாருங்கள். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். வெளியே ஓர் இரும்பு வளையம். கொல்லன் பட்டறையில் அந்த வளையத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். விரிந்ததும் சில்லில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும்போது மரத்துண்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விஞ்ஞானப் பாடத்தில் 'வெப்பத்தால் விரிதல்' என்று படிப்பிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரும்பு வளையம் தேயாது. ஆனால் கிரவல் ரோட்டில் போனால் ஏறியிருப்பவரின் முதுகெலும்பு தேயும். அதோடு சத்தம் வேறு.

இறப்பர் மரத்தின் பாலை அமேசன் காட்டு மக்கள் மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தார்கள். பந்து செய்தார்கள், பாதத்தில் பூசிச் செருப்புப்போல் ஆக்கினார்கள். ஐரோப்பியரிடம் அது வந்தபோது ஒரு சிக்கல். வெயிலில் பிசினாக ஒட்டியது, குளிரில் ஓடுபோல் வெடித்தது. வன்னி வெயிலில் பச்சை இறப்பரில் டயர் செய்து ஓடினால் மாங்குளம் போவதற்குள் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு கண்டவர் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். வருடக்கணக்கில் இறப்பரோடு மல்லுக்கட்டினார். கடனில் மூழ்கினார், கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1839 இல் கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பில் பட்டபோது அது உருகவில்லை, பதமாக வெந்து தோல்போல் ஆனது என்பதைக் கண்டார். இறப்பரின் நீண்ட மூலக்கூற்று இழைகளைக் கந்தகம் இடையிடையே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். இதற்கு வல்கனைசு பண்ணுதல் என்று பெயர். 1844 இல் காப்புரிமை எடுத்தார். ஆனால் காசு பார்க்கவில்லை. 1860 இல் பெருங்கடனோடு இறந்துபோனார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த குட்இயர் கம்பனி அவருடையது அல்ல. அவர் இறந்து 38 வருடங்களுக்குப் பிறகு, 1898 இல், வேறு ஆட்கள் தொடங்கி அவருடைய பெயரை வைத்தார்கள். பெயர் மட்டும் பணக்காரப் பெயராகிவிட்டது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது புட்டை உதாரணம் காட்டினோம். பச்சை மாவை எப்படியும் பிசையலாம். அவித்த புட்டைத் திரும்ப மாவாக்க முடியாது. வல்கனைசு பண்ணிய இறப்பரும் அப்படித்தான். பிளாஸ்டிக்கை உருக்கிப் புதிதாக வார்ப்பதுபோல் பழைய டயரை உருக்கிப் புதுடயர் வார்க்க முடியாது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது காற்று. காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் டன்லொப் என்று நாங்களும் படித்திருக்கிறோம், நீங்களும் படித்திருப்பீர்கள். முழு உண்மை அது அல்ல. 1845 இல் ரொபட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். இறப்பர் பூசிய துணிக்குழாய்க்குள் காற்று, வெளியே தோல். குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை, இறப்பரும் மலிவில்லை. யாருக்கும் தேவைப்படாத காலத்தில் வந்த நல்ல சாமான். மறந்துபோனார்கள்.

40 வருடத்துக்குப் பிறகு, பெல்ஃபாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர். அவருடைய சின்ன மகன் முச்சக்கர சைக்கிள் ஓடும்போது கல் பதித்த ரோட்டில் குலுங்குகிறது என்று 1887 இல் சில்லைச் சுற்றி இறப்பர்க் குழாய் ஒட்டிக் காற்றடைத்துக் கொடுத்தார். 1888 இல் காப்புரிமை. 1889 இல் அந்த டயர் பூட்டிய சைக்கிளில் ஓடிய ஒருவர் போட்டிகளில் வரிசையாக வென்றார், அதுவரை சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். 1890 இல்தான் தொம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்து டன்லொப்புடையது செல்லாது என்று ஆனது. ஆனால் அதற்குள் கம்பனி ஓடத்தொடங்கிவிட்டது. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் சைக்கிளுக்காகச் செய்த வேலை என்பதுதான் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. மற்ற மகன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் 1891 இல் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் டயரைச் சில்லோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், காற்றுப்போனால் ஒருநாள் வேலை. 1895 இல் காருக்கும் காற்று டயர் பூட்டிப் போட்டியில் ஓடினார்கள். ஆரம்ப டயர்கள் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். புகைக்கரி போன்ற காபன் கறுப்பைச் சேர்த்தால் டயர் பலமடங்கு காலம் உழைக்கும் என்று கண்டபிறகு, 1910 ஐ ஒட்டிய வருடங்களிலிருந்து டயர் கறுப்பாகத் தொடங்கியது. 1946 இல் மிஷலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை எடுத்தது. உள்ளே இழைகள் குறுக்காகப் போகாமல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும், மேலே உருக்குக் கம்பிப் பட்டி. இன்று உங்கள் வானில், பஸ்ஸில் இருப்பது அதுதான்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இறப்பர் எங்கிருந்து வந்தது?

சைக்கிளும் காரும் பெருகியதும் உலகத்துக்கு இறப்பர்ப் பசி பிடித்தது. அந்தப் பசிக்கு முதலில் இரையானவர்கள் கொங்கோ மக்கள். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அந்த நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காலம். ஒவ்வொரு கிராமமும் இவ்வளவு காட்டு இறப்பர் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள், கிராமங்களை எரித்தார்கள், கைகளை வெட்டினார்கள். உலகம் கண்டித்த பிறகு 1908 இல்தான் நாடு அவருடைய கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் பிள்ளைகள் குலுங்காமல் சைக்கிள் ஓடிய அதே வருடங்கள் இவை. இந்தப் பகுதியைத் தரம் 7 க்கு முழுதாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் உங்களுக்குச் சொல்கிறோம்.

இலங்கைக்கு இறப்பர் வந்தது வேறு வழியில். 1876 இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பங்கு, ஏறத்தாழ 1,900, அதே வருடம் கப்பலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள். கொழும்புக்குப் போகும்போது கம்பஹா ஸ்டேசனைக் கடந்துதானே போகிறோம், ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அங்கேதான்.

நட்டு 20 வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் தேயிலைப் பித்து. கார் வந்து இறப்பர் விலை ஏறியதும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் மலைச்சரிவெல்லாம் இறப்பராகியது. 1910 இல் விலை உச்சத்துக்குப் போனது. மரம் இருந்தால் போதாது, விடியுமுன் எழும்பிப் பால் வெட்ட ஆள் வேண்டும். அதற்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். கோப்பிக் காலத்தில் அந்த ஏழைச் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது. நடையில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914 இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்த பிறகு ரயிலில் வந்தார்கள். செட்டிகுளம், நேரியகுளம் என்று நம்முடைய வவுனியா மாவட்ட ஸ்டேசன்களைக் கடந்துதான் அந்த ரயில் தெற்கே போனது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். இறப்பருக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு. 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. 1977 இல் கலவரம் வந்தது. அடிபட்டு ஓடிவந்த தோட்டத்துச் சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியது. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களின் கதை அதுதான். எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் அப்படி வந்த ஒரு பாட்டி இருக்கிறார். இந்தப் பதிவுக்காக அவரிடம் போய் உட்கார்ந்தோம். இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கைவிரலை மடக்கிக் கத்தி பிடிப்பதுபோல் காட்டினார். பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. பால் சொட்டுவதற்குச் சிரட்டை கட்டுவார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. பாலுக்கு அசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். "அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில கெடக்கு சேர்" என்றார். அந்த இறப்பர் என்னவாகப் போகும் என்று அப்போது தெரியுமா என்று கேட்டோம். "லொறியில ஏத்துவாங்க. அதுக்கு மேல நமக்கென்ன தெரியும்" என்றார்.

அவர் கேட்காமலே விட்ட அந்தப் பயணத்தைத் தொடர்ந்து போவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் 1942 இல் மலாயாவையும் இந்தோனேசியாவையும் பிடித்தபோது நேச நாடுகளின் இறப்பர் வழி அடைபட்டது. அவர்களுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை இறப்பர்த் தோட்டம் இலங்கைதான். இராணுவ லொறிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். மரத்தின் ஆயுளைப் பாராமல், கிடைக்கும் பாலெல்லாம் எடுத்துவிடு என்று வெட்டினார்கள். அதே யுத்தம்தான் பெற்றோலியத்திலிருந்து செயற்கை இறப்பர் செய்யும் தொழிலை அமெரிக்காவில் இரண்டு மூன்று வருடத்துக்குள் மலைபோல் வளர்த்தது. யுத்தம் முடிந்ததும் மரத்துப் பாலுக்கு அது நிரந்தரப் போட்டியாகியது. ஆனாலும் விமான டயர், பெரிய லொறி டயர்களுக்கு இன்றும் இயற்கை இறப்பரைக் கூடுதலாகச் சேர்க்கவே வேண்டியிருக்கிறது. ஓடும்போது அது குறைவாகவே சூடேறும்.

பிறகு வந்தது 1952. கொரிய யுத்தம் தணிய இறப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜி. சேனநாயக்க சீனாவுடன் பேசி இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தைச் செய்தார். ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி சீனா தருவது. சந்தை விலையைவிடக் கூடுதலாக இறப்பருக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குக் கோபம், உதவிகள் நின்றன. இலங்கை பின்வாங்கவில்லை. ஒப்பந்தம் பல தடவை புதுப்பிக்கப்பட்டு 1980களின் தொடக்கம் வரை நீடித்தது. அந்தக் காலத்தில் கூப்பன் அரிசி சாப்பிட்டு வளர்ந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தட்டில் இறப்பர் மரத்தின் பங்கும் இருந்தது.

சரி, இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம், டயர் எங்கே செய்தோம்? 1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்தது. டயர்க் கூட்டுத்தாபனம் என்றால் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு அது தனியார் கைக்குப் போய், 1999 இல் இந்தியாவின் சியட் கம்பனியோடு சேர்ந்து இன்றுவரை ஓடுகிறது. சியட்டின் பிறப்பிடமும் வேடிக்கையானது, 1924 இல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கிய கம்பனி. சைக்கிள் டயர் என்றால் டி.எஸ்.ஐ. பெயர் எங்கள் ஊர்க் கடைகளில் எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டினால் எம்.ஆர்.எப். இருக்கிறது. 1946 இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டிலில் விளையாட்டுப் பலூன் செய்து தொடங்கியது. 1952 இல் பழைய டயருக்கு மேலே ஒட்டும் இறப்பர் செய்தார்கள், பிறகு 1960களில் டயர். பலூனில் காற்றடைத்தவர்கள் டயருக்கு வந்தது பொருத்தம்தான்.

இலங்கை உலகத்தில் பெயர் எடுத்தது காற்று டயரில் அல்ல, காற்றே இல்லாத திண்ம டயரில். துறைமுகத்திலும் பெரிய களஞ்சியங்களிலும் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டிகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் காற்று டயர் சரிவராது, ஆணி குத்தினால் வண்டி சரியும். முழுக்க இறப்பரால் வார்த்த டயர் வேண்டும். அதற்கு இயற்கை இறப்பர் நிறையத் தேவை. 1980களிலிருந்து இங்கே தொழிற்சாலைகள் வந்தன. இன்று திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று இலங்கை. சொலிடீல் என்று தொடங்கி காம்சோ ஆன கம்பனியை 2018 இல் மிஷலினே வாங்கியது.

திண்ம டயர் என்றதும் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் 1990கள் முழுக்க வன்னிக்குள் இருந்தவர். பொருளாதாரத் தடைக் காலம். எரிபொருள், பற்றரி, சீமெந்து எதுவும் தாராளமாக வராது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சைக்கிள்தான் அம்புலன்ஸ், சைக்கிள்தான் லொறி. டியூப் கிழிந்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒட்ட இடமில்லாமல் போனால் டியூபைக் கழற்றி எறிந்துவிட்டு டயருக்குள் பழைய துணி, கயிறு, வைக்கோல் என்று கிடைத்ததை இறுக்கி அடைத்து, வெளியே வாரால் கட்டி ஓடினாராம். "குண்டு விழுந்த ரோட்டில குலுக்கல் ஒரு விசயமே இல்ல" என்று சிரிப்பார். அதாவது உலகம் 1888 இல் விட்டு வந்த இடத்துக்கு எங்கள் சனம் 1995 இல் திரும்பப் போனது.

நாங்கள் அப்போது இங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்டபோது வாப்பா தன் ரலி சைக்கிளை முற்றத்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். முதல் கிழமைதான் முன் டயர் புதிதாக மாற்றியிருந்தாராம். புத்தளத்தில் ஓலைக்குடிசையில் இருந்த காலம் முழுக்க, வீட்டைப் பற்றி, வயலைப் பற்றிச் சொல்வதைவிட அந்த டயரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். ஏனென்று சின்ன வயதில் விளங்கவில்லை. வயலையும் வீட்டையும் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது, அதனால்தான் டயரைப் பேசினார் என்று இப்போது விளங்குகிறது. முகாமில் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் என்று இருந்தது ஒரு தேய்ந்த டயரும் ஒரு தடியும். தட்டி உருட்டிக்கொண்டு பின்னால் ஓடுவோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வேப்பமரமும் இல்லை, சைக்கிளும் இல்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் வாகனங்களும் குவியல் குவியலாகக் கிடந்ததைக் கண்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்திருப்பான், அவனும் எப்போதாவது புது டயர் மாற்றியிருப்பான். அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றபோது வாப்பா தன் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இனி விலை. டயர் என்றால் இறப்பர் மட்டும் அல்ல. காபன் கறுப்பு, செயற்கை இறப்பர், நைலோன் இழை, விளிம்புக்கு உருக்குக் கம்பி, கந்தகம், இன்னும் பல இரசாயனங்கள். இவற்றில் பெரும்பாலானவை கப்பலில்தான் வர வேண்டும், டொலரில்தான் வாங்க வேண்டும். நோயாலும் கூலியாள் இல்லாமையாலும் நாட்டின் இறப்பர் விளைச்சலும் விழுந்துவிட்டது, நம் தொழிற்சாலைகளே வெளியிலிருந்து இறப்பர் இறக்குகின்றன. 2020 இல் அந்நியச் செலாவணி இல்லாமல் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 2022 இல் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360 வரை போனது. எண்ணெய்க்கு வரிசை நின்ற அந்தக் காலத்தில் எல்லாரும் சைக்கிளைத் தேடியதால் சைக்கிளும் டயரும் விலை ஏறியதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஏறியது இறங்கி வருவது நம் நாட்டில் அபூர்வம். மரம் நம்முடையது, மரத்தைச் சுற்றியுள்ள மற்ற எல்லாம் டொலருடையது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பால் வெட்டுறவங்களுக்கும் டொலர்லதான் சம்பளமா சேர்?" என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை.

வாகனம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு விசயம். கார், வான் டயரின் பக்கவாட்டில் 195/65ஆர்15 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண் அகலம் மில்லிமீற்றரில், அடுத்தது அந்த அகலத்தில் பக்க உயரம் எத்தனை சதவீதம், ஆர் என்றால் ரேடியல், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அதைவிட முக்கியம், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் பளபளத்தாலும் பல வருடம் கடையில் கிடந்த டயர் உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். றீபில்ட் டயர் வாங்குபவர்கள் கட்டாயம் பாருங்கள். பழைய உடலின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அதன்மேல் புது இறப்பர் வைத்து அவிப்பதுதான் றீபில்ட். உடல் நன்றாக இருந்தால் நல்ல சாமான், உடல் கிழடாக இருந்தால் நடுரோட்டில் மேல்தோல் கழன்றுவிடும். பிள்ளைகளை ஏற்றும் வான்காரத் தம்பிமாருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

தேய்ந்த டயரை என்ன செய்வது? புட்டுக் கதையை ஞாபகப்படுத்துங்கள், அதை உருக்க முடியாது. சும்மா போட்டால் மழைத்தண்ணீர் தேங்கும், எப்படிக் கவிழ்த்தாலும் ஒரு சிரங்கைத் தண்ணீர் உள்ளே நிற்கும். டெங்கு நுளம்புக்கு அது போதும். 1985 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலி நுளம்பு பரவியிருந்ததைக் கண்டுபிடித்தபோது, ஆசியாவிலிருந்து இறக்கிய பழைய டயர்களோடுதான் அது வந்தது என்று கண்டார்கள். நுளம்புக்கே டயர்தான் கப்பல். எரித்தால் கந்தகமும் கரியும் நச்சும் கலந்த கறுப்புப் புகை, பக்கத்து வீட்டு நெஞ்சுநோய்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவார். வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யலாம், தினமும் தண்ணீரை மாற்றினால். நடுவே துளைபோட்டு மண் நிரப்பி மிளகாய்க் கன்று வைக்கலாம். எங்கள் பாடசாலையில் விளையாட்டு முற்றத்தில் பாதியைப் புதைத்து வைத்திருக்கிறோம், சின்னப் பிள்ளைகள் தாண்டி விளையாடுவார்கள். உள்ளே மண் நிரப்பித்தான் வைத்தோம்.

அந்த மகனின் டயர்க் கதை. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோனோம். வெடித்த இடத்துக்கு உள்ளே பழைய டயர்த் துண்டொன்றை அளவாகச் சீவி வைத்து, சொலூசன் போட்டு ஒட்டி, புது ஒட்டோடு டியூபை மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "இது இன்னும் ரெண்டு மாசம் தாங்கும் சேர், அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்றார். மகன் அடுத்த நாளிலிருந்து வருகிறான். பின் சில்லு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை 'டொக்' என்று துள்ளும், அவன் வருவது சத்தத்திலேயே தெரியும்.

இரண்டு மாதம் முடியப் போகிறது. இப்படி இன்னும் ஒன்பது பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் இருக்கிறார்கள், பெயர் எழுதி வைத்திருக்கிறோம். 24, 26 அங்குல சைக்கிள் டயர், டியூப் பாவிக்கக்கூடிய நிலையில் யாருடைய வீட்டிலாவது சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் பாடசாலை நாட்களில் பின்னேரம் இரண்டு மணி வரை கொண்டுவந்து தரலாம். வரமுடியாதவர்கள் சந்திச் சைக்கிள் கடை ஐயாவிடம் கொடுத்தாலும் எங்களிடம் சேரும். கொண்டுவருமுன் டயருக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து ஊற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.